ஈவ்லின் பிரீர் (1896–1932): "ஹாலிவுட் தவறவிட்ட நடிகை" என்று சொல்வது சரியா?

#1 நிழலாட்டம்

ஊமைப்பட காலத்து அமெரிக்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஈவ்லின் பிரீர் பெயர் வந்ததும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். நல்ல நடிகை, கறுப்பினப் பெண் என்பதால் ஹாலிவுட் கதவைத் திறக்கவில்லை, 36 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம். இந்தப் "பாவம்" எனக்கு உறுத்துகிறது. அவர் ஹாலிவுட் வாசலில் காத்துக் கிடந்து வீணாய்ப் போனவர் இல்லை. பதின்மூன்று ஆண்டுகள் விடாமல் நடித்தவர். ஊர் ஊராகப் போய் மேடையேறியவர். தன் மக்களின் பத்திரிகைகளில் நட்சத்திரமாக வாழ்ந்தவர். ஹாலிவுட்டை அளவுகோலாக வைத்தால்தான் அந்த வாழ்க்கை குறைப்பட்டதாகத் தெரிகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1896-ல் மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்க்கில் பிறந்தார். அப்பா இறந்த பிறகு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். தெற்கிலிருந்து வடக்கே போன லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் அதுவும் ஒன்று. அம்மா பெந்தெகொஸ்தே விசுவாசி. தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்வார், மகளும் கூட நிற்பார். போகிற வருகிற ஆட்களை நிறுத்திக் கேட்க வைக்கும் வித்தையை ஈவ்லின் அங்கேதான் பழகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதன் பிறகு பாட்டு, ஆட்டம், நகைச்சுவை எல்லாம் கலந்த வோடவில் மேடைகள்.

அதே சமயத்தில்தான் ஆஸ்கர் மிஷோ சிகாகோவுக்கு வருகிறார். தென் டகோட்டாவில் நிலம் வாங்கி உழுதவர், நாவல் எழுதித் தானே வீடு வீடாகப் போய் விற்றவர். அவருடைய நாவலைப் படமாக்கக் கறுப்பர்களே நடத்திய லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி கேட்டது. நானே இயக்குவேன் என்றார் மிஷோ. அவர்கள் ஒப்பவில்லை. சியூ சிட்டி பக்கத்து விவசாயிகளிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டித் தானே எடுத்தார். 1919 பிப்ரவரியில் சிகாகோவில் திரையிட்ட 'தி ஹோம்ஸ்டெடர்', கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளப் படம். அதில் நாயகனின் மனைவி ஆர்லீனாக நடித்தவர் ஈவ்லின். அவருடைய முதல் படமும் அதுதான்.

அடுத்த ஆண்டு 'வித்தின் அவர் கேட்ஸ்'. அதில் நாயகி சில்வியா லாண்ட்ரி. பிறகு 'தி ப்ரூட்', 'தி கன்சோலஸ் மிஸ்டரி', 'டிசீட்', 'பர்த்ரைட்', 'தி டெவில்ஸ் டிசைபிள்', 'தி கான்ஜர் உமன்', 'தி ஸ்பைடர்ஸ் வெப்' என்று 1927 வரை மிஷோவுடன் வரிசையாக. இவற்றில் இன்று கையில் இருப்பது 'வித்தின் அவர் கேட்ஸ்' ஒன்றே. மற்றதெல்லாம் போய்விட்டன.

இங்கே ஊமைப்படங்களை விரும்பிப் பார்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தைக் கேட்க ஆசை.

#2 கரிசல்மண்

பெயரே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மிஷோ பெயர் மட்டும் தெரியும். ஒரு சந்தேகம்: அந்தப் படங்களை யார் பார்த்தார்கள்? வெள்ளையர் தியேட்டர்களில் ஓடினவா?

#3 பழையபடம்

கரிசல்மண், அது தனி உலகம். கறுப்பினப் பார்வையாளர்களுக்காக, பெரும்பாலும் கறுப்பின நடிகர்களை வைத்து எடுத்த படங்களை அப்போது "ரேஸ் ஃபிலிம்" என்று சொன்னார்கள். தெற்கே நிறவெறிச் சட்டத்தால் தியேட்டர்களே தனித்தனி. வடக்கே சட்டம் இல்லை, ஆனால் கறுப்பர் வாழும் பேட்டைகளில் அவர்களுக்கென்றே தியேட்டர்கள் இருந்தன. சில ஊர்களில் வெள்ளையர் தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியை மட்டும் கறுப்பர்களுக்கு ஒதுக்குவார்கள்.

மிஷோவுக்கு விநியோகஸ்தர் கிடையாது. நடிகர்களின் ஸ்டில் படங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் போவார். தியேட்டர் மேனேஜரிடம் அடுத்த படத்தைப் பற்றிப் பேசி முன்பணம் வாங்குவார். அந்தப் பணத்தில்தான் படம் எடுப்பார். கையில் ஒன்றிரண்டு பிரிண்ட்தான். ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்து கந்தலாகும் வரை ஓட்டுவார்கள். நைட்ரேட் ஃபிலிம் வேறு. பட்டென்று தீப்பிடிக்கும், வைத்திருந்தால் மக்கிப்போகும். பாதுகாத்து வைக்க ஸ்டுடியோ கிடங்கு இல்லை. அதனால்தான் இத்தனை இழப்பு. மிஷோவின் ஊமைப்படங்களில் மூன்றுதான் மிச்சம்: 'வித்தின் அவர் கேட்ஸ்', 'தி சிம்பல் ஆஃப் தி அன்காங்கர்ட்', 'பாடி அண்ட் சோல்'.

இதில் 'வித்தின் அவர் கேட்ஸ்' பிழைத்ததே பெரிய கதை. பல பத்தாண்டுகள் தொலைந்துபோன படமாகத்தான் கணக்கில் இருந்தது. 'லா நெக்ரா' என்ற பெயரில் ஸ்பெயினின் திரைப்படக் காப்பகத்தில் ஒரே ஒரு பிரதி கிடைத்தது. காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் டைட்டில் கார்டுகள் எல்லாம் ஸ்பானிஷில். நான்கு மட்டும் ஆங்கிலத்தில் மிஞ்சியிருந்தன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1993-ல் அதைச் சீரமைத்து, கார்டுகளைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் படிக்கிற வசனங்களில் பெரும்பகுதி மிஷோ எழுதிய வார்த்தைகளே அல்ல. ஆனால் ஈவ்லினின் முகம் அப்படியே அவர் கொடுத்தது. அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

#4 நாடகப்பித்தன்

நிழலாட்டம், உங்கள் வாதத்தில் பாதிதான் எனக்கு ஏற்பு. ஹாலிவுட் அளவுகோல் வேண்டாம் என்றீர்கள், சரி. ஆனால் நீங்களும் சினிமாவையே அளவுகோலாக எடுத்துக்கொண்டீர்கள். ஈவ்லின் பிரீரின் உண்மையான தொழில் நாடகம். சினிமா இடையிடையே வந்துபோனது.

லாஃபயெட் பிளேயர்ஸ் என்ற குழுவைத் தெரியாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. 1915-ல் நியூயார்க்கில் அனிதா புஷ் என்ற நடிகை தொடங்கியது. கறுப்பின நடிகர்கள் என்றால் பாட்டும் ஆட்டமும் கோமாளித்தனமும்தான் என்று இருந்த காலம். இந்தக் குழு பாட்டில்லாத கனமான நாடகங்களை எடுத்துப் போட்டது. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் வெள்ளையர் நடித்துப் பேர் வாங்கிய நாடகங்களை, அதே ஊரின் கறுப்பர் பேட்டையான ஹார்லெமில் கறுப்பர்கள் நடித்தார்கள். வாராவாரம் நாடகம் மாறும். இன்று இரவு ஒரு பாத்திரம், பகலில் அடுத்த வாரத்துப் பாத்திரத்துக்கு ஒத்திகை. சார்லஸ் கில்பின், கிளாரன்ஸ் மியூஸ், பின்னாளில் 'காசாபிளாங்கா'வில் பியானோ முன் உட்கார்ந்த டூலி வில்சன், எல்லோரும் அந்தப் பட்டறையில் தேறியவர்கள். ஈவ்லின் 1920 வாக்கில் சேர்ந்தார். சக நடிகர் எட்வர்ட் தாம்சனைக் கல்யாணம் செய்ததும் அந்தக் குழு வழியாகத்தான், 1924-ல்.

1923-ல் எத்தியோப்பியன் ஆர்ட் தியேட்டர் என்ற சிகாகோ குழுவோடு பிராட்வேக்குப் போனார். ஆஸ்கர் வைல்டின் 'சலோமே'யில் சலோமே அவர்தான். அதே குழு அதே சமயம் வில்லிஸ் ரிச்சர்ட்சனின் 'தி சிப் உமன்ஸ் ஃபார்ச்சூன்' என்ற ஓரங்க நாடகத்தையும் போட்டது. கறுப்பின எழுத்தாளர் ஒருவரின் இசையில்லாத நாடகம் பிராட்வே மேடை ஏறியது அதுவே முதல்முறை. 1928-ல் லாஃபயெட் பிளேயர்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள லிங்கன் தியேட்டருக்கு இடம் மாறியது. அங்கே சாமர்செட் மாமின் கதையிலிருந்து வந்த 'ரெயின்' நாடகத்தில் சேடி தாம்சன் வேடம். அதைப் பார்க்க ஹாலிவுட் ஆட்களே வந்தார்கள்.

வாரம் ஒரு நாடகம் என்று வருஷக்கணக்கில் நடித்தவரை ஒரே ஒரு ஊமைப்படத்தை வைத்து எடைபோட வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

#5 நிழலாட்டம்

நாடகப்பித்தன் அண்ணா, மேடையைச் சேர்த்ததற்கு நன்றி. என் வாதத்துக்கு அது பலம்தான். ஆனால் "இடையிடையே வந்துபோனது" என்பதை ஏற்க மாட்டேன். அந்த ஒரு படத்தில் அவர் செய்திருப்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

கதை தெரியாதவர்களுக்கு: சில்வியா ஒரு டீச்சர். தெற்கே பைனி வுட்ஸ் என்ற பள்ளிக்கூடம் பணமில்லாமல் மூடப்போகிறது. பணம் திரட்ட பாஸ்டனுக்குப் போகிறாள். (பைனி வுட்ஸ் என்ற பெயரில் நிஜமாகவே ஒரு பள்ளி மிசிசிப்பியில் 1909 முதல் நடக்கிறது, லாரன்ஸ் ஜோன்ஸ் தொடங்கியது. ஈவ்லின் பிறந்த மாநிலம்.) அங்கே ஒரு காரில் அடிபட இருந்த குழந்தையைக் காப்பாற்றி இவள் அடிபடுகிறாள். காருக்குச் சொந்தக்காரியான பணக்கார வெள்ளைக்காரம்மா உதவ நினைக்கிறார். தெற்கத்திச் சினேகிதி ஒருத்தி தடுக்கப் பார்க்கிறாள். "இவர்களுக்குப் படிப்பு எதற்கு, ஒரு பிரசங்கிக்கு நூறு டாலர் கொடுத்தால் போதும்" என்கிற பேச்சு. கேட்கப்போன 5,000 டாலர், அந்தம்மாவின் கோபத்தில் 50,000 ஆகிறது.

கடைசிப் பகுதியில்தான் சில்வியாவின் பழைய கதை வருகிறது. அவளை எடுத்து வளர்த்த லாண்ட்ரி, பண்ணையார் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிடுபவர். சில்வியா படித்தவள், அப்பாவுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு லாண்ட்ரி பண்ணையாரிடம் போகும்போது, ஏமாற்றப்பட்ட வேறொரு வெள்ளைக்காரன் ஜன்னல் வழியாகப் பண்ணையாரைச் சுட்டுவிடுகிறான். பழி லாண்ட்ரி மேல் விழுகிறது. கும்பல் லாண்ட்ரியையும் மனைவியையும் தூக்கிலிட்டு எரிக்கிறது. சிறுவன் மட்டும் குதிரையில் தப்புகிறான். அதே நேரத்தில் வீட்டுக்குள் பண்ணையாரின் தம்பி சில்வியாவைப் பலாத்காரம் செய்ய வருகிறான். மிஷோ இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டுகிறார்.

1915-ல் கிரிஃபித் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' இதே வெட்டும் முறையை வைத்துத்தான் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலைக் காப்பாற்ற வரும் வீரர்களாகக் காட்டியது. மிஷோ படத்தில் காப்பாற்ற யாரும் வருவதில்லை. அவள் தனியாகப் போராடுகிறாள். ஈவ்லின் அந்தக் காட்சியில் உடம்பு முழுவதையும் கொண்டு சண்டை போடுகிறார். அலங்காரமாக மயங்கி விழுகிற அந்தக் காலத்து நாயகியின் அசைவு அங்கே இல்லை. மூச்சு வாங்குவதும் கை தளர்வதும் மறுபடி திமிறுவதும் தெரிகிறது. பண்ணையாரின் தம்பி நிறுத்துவதற்குக் காரணம் இரக்கம் இல்லை. அவள் மார்பில் இருக்கும் தழும்பைப் பார்க்கிறான், அவள் தன் சொந்த மகள் என்று தெரிகிறது.

அதே ஈவ்லினைப் பாஸ்டன் காட்சிகளில் பாருங்கள். ஓர் இடத்தில் சில்வியா தூக்கம் வராமல் உட்கார்ந்து தன் இனத்தைப் பற்றி யோசிக்கிறாள். கண்ணீர் இல்லை, நெஞ்சில் கை வைப்பது இல்லை. யோசிப்பதை மட்டுமே காட்டுகிறார். மிஷோவிடம் ரீடேக் என்ற பேச்சே கிடையாது. காசில்லை, நேரமில்லை. ஒரே டேக்கில் இது வந்திருக்கிறது என்றால் அது மேடையில் வளர்ந்த உடம்பு தந்த வரம். இதில் நாடகம், சினிமா என்று பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

#6 யாழ்நிலா

படத்தை நேற்றிரவு பார்த்து முடிச்சனான். கடைசி இருபது நிமிஷம் பார்க்கேக்க கை நடுங்கிச்சு. 1920-ல் இதை எப்பிடித் திரையிட விட்டவை?

#7 பழையபடம்

லேசில் விடவில்லை, யாழ்நிலா. அதற்கு ஆறு மாதம் முன்னால் 1919 ஜூலையில் சிகாகோவில் பெரிய இனக்கலவரம். ஏரியில் குளித்துக்கொண்டிருந்த கறுப்பினப் பையன் வெள்ளையர் பகுதிக்கு மிதந்துபோனதற்காகக் கல்லெறிந்து சாகடித்ததில் தொடங்கியது. 38 பேர் செத்தார்கள், 23 பேர் கறுப்பர்கள். அந்தப் புண் ஆறும் முன்பே மிஷோ இந்தப் படத்தோடு வந்து நிற்கிறார். சென்சார் போர்டு முதலில் மறுத்தது. கறுப்பினத் தலைவர்களிலேயே சிலர் மறுபடி கலவரம் வரும் என்று எதிர்த்தார்கள். வேறு சிலர், நடப்பதைத்தானே காட்டுகிறது, மறைக்காதே என்றார்கள். கடைசியில் 1920 ஜனவரியில் வெட்டுகளோடு வெளிவந்தது. ஊருக்கு ஊர் வெட்டு வேறு. ஒரு ஊர்க்காரர் பார்த்த சில்வியாவை இன்னொரு ஊர்க்காரர் பார்த்திருக்க மாட்டார். தெற்கே திரையிட மறுத்த தியேட்டர்களும் உண்டு.

#8 கரிசல்மண்

நானும் பார்த்துவிட்டேன். நடிப்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நாயகி, டாக்டர், படித்தவர்கள் எல்லோரும் வெளுத்த நிறம். காட்டிக்கொடுக்கும் வேலைக்காரன் எஃப்ரெம் நல்ல கறுப்பு. மிஷோவே நிறத்துக்கு ஒரு தராசு வைத்திருந்தாரா? ஈவ்லினுக்கு வேஷம் கிடைத்ததில் அந்த நிறத்துக்குப் பங்கு உண்டா? சிவப்பாக இருந்தால்தான் ஹீரோயின் என்று பார்த்துப் பார்த்துச் சலித்தவன் கேட்கிறேன்.

#9 நிழலாட்டம்

கேட்க வேண்டிய கேள்வி. மிஷோ மீது இந்த விமர்சனம் அவர் காலத்திலிருந்தே உண்டு. நாயக நாயகியருக்கு வெளுத்த நிற நடிகர்களைத் தேடினார் என்பதை அவர் படங்களை ஆராய்ந்த பலரும் சொல்கிறார்கள். பிற்பாடு தன் நாயகன் ஒருவரைக் "கறுப்பு வாலன்டினோ" என்றே விளம்பரம் செய்தார். வெள்ளை நட்சத்திரத்தின் நிழலில் கறுப்பு நட்சத்திரத்தை நிறுத்துகிற வேலைதானே அது. அதை நியாயப்படுத்த மாட்டேன்.

ஆனால் இந்த ஒரு படத்தில் சில்வியாவின் நிறத்துக்குக் கதைக்குள்ளேயே விலை இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் அவள் நிறத்தை அழகாகத்தான் பார்க்கிறோம். கடைசியில் அந்தத் தழும்பு வெளிப்படும்போது அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. வெள்ளைப் பண்ணையார் வீட்டு ஆண். "எங்கள் பெண்களைக் கறுப்பர்களிடமிருந்து காக்கிறோம்" என்று சொல்லித்தான் தெற்கே ஆட்களைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பொய்க்கு எதிரான சாட்சி ஈவ்லினின் முகமே. அவர் வேறு எதையும் சொல்லத் தேவையில்லாமல் கேமரா முன் நிற்பதே குற்றச்சாட்டாகிறது. மிஷோ இதை எவ்வளவு திட்டமிட்டார் என்பதைவிட, திரையில் அது அப்படித்தான் வேலை செய்கிறது என்பது எனக்கு முக்கியம்.

எஃப்ரெம் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். அந்தப் பாத்திரம் கேலியாகவே தீட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் அவன் நம்பிய வெள்ளையர் கும்பல் அவனையே கொல்லும் இடத்தில் ஈ. ஜி. டேட்டம் என்ற அந்த நடிகரின் முகத்தில் சிரிப்பு வடிவதைக் கவனியுங்கள்.

#10 நாடகப்பித்தன்

நிறம் பற்றி வந்ததால் 1926-ஐச் சொல்லியே ஆக வேண்டும். டேவிட் பெலாஸ்கோ பிராட்வேயில் 'லூலு பெல்' போட்டார். ஹார்லெம் பெண் ஒருத்தியின் கதை. மேடையில் நூற்றுக்கு மேல் நடிகர்கள், பெரும்பாலோர் கறுப்பர்கள். ஆனால் லூலு பெல்லாக நடித்தவர் லெனோர் உல்ரிக் என்ற வெள்ளை நடிகை, முகத்துக்கு மை பூசிக்கொண்டு. ஈவ்லின் பிரீர் துணைப் பாத்திரம். உல்ரிக் வர முடியாவிட்டால் நடிப்பதற்கான மாற்று நடிகையும் அவரே. அந்த வேஷம் முழுதும் அவருக்கு மனப்பாடம், ஒவ்வொரு இரவும் திரைக்குப் பக்கத்தில் தயாராக இருக்கிறார். மேடைக்கு நடுவில் மை பூசிய முகம்.

மூன்று வருஷம் முன்னால் அதே பிராட்வேயில் சலோமேயாக நின்றவர் அவர். இதை எண்ணும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

#11 பழையபடம்

பேசும்படம் வந்த பிறகும் இதே கதை. 1929-ல் கிறிஸ்டி கம்பெனி கறுப்பின நடிகர்களை வைத்து இரண்டு ரீல் பேசும் நகைச்சுவைப் படங்கள் எடுத்தது. 'தி மெலன்கலி டேம்' அதில் ஒன்று. ஈவ்லினும் கணவர் எட்வர்ட் தாம்சனும் அதில் கணவன் மனைவியாகவே வருகிறார்கள். கதை ஆக்டேவஸ் ராய் கோஹன் என்ற வெள்ளை எழுத்தாளருடையது. கறுப்பர்களின் பேச்சைக் கேலிக்காகவே கொச்சையாக எழுதியவர். ஷேக்ஸ்பியரும் வைல்டும் பேசக்கூடிய நாடகக்காரர்கள் வாயில் அந்த வசனம். அப்படியும் அதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன், அவர் குரலை நாம் கேட்க முடிகிற அபூர்வமான இடம் அது. பாடவும் செய்தவர். டியூக் எலிங்டன், ரெட் நிக்கல்ஸ் போன்ற ஜாஸ் இசைக்காரர்கள் இன்னும் பெரிய பெயராகாத நாட்களில் இவருக்குப் பின்னணி வாசித்திருக்கிறார்கள்.

கடைசிப் படம் 1932-ல் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க்கின் 'ப்ளாண்ட் வீனஸ்'. மார்லீன் டீட்ரிச், கேரி கிராண்ட் நடித்தது. அதில் ஈவ்லினுக்கு ஒரு விலைமாதுவின் சின்ன வேஷம்.

கறுப்பின நடிகையின் பங்கை ஹாலிவுட் அப்போது எவ்வளவு என்று அளந்து வைத்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. இந்த இடத்தில் மட்டும் நிழலாட்டத்தோடு கொஞ்சம் மோதுகிறேன். ஹாலிவுட் அவரைத் தவறவிட்டது என்பதும் உண்மைதான். அதைச் சொல்லாமல் விட்டால் ஹாலிவுட்டை மன்னித்தது போல ஆகிவிடும்.

#12 நிழலாட்டம்

மன்னிக்கச் சொல்லவில்லை, பழையபடம். ஹாலிவுட் செய்தது அநியாயம் என்று உரக்கச் சொல்வோம். அதற்காக அவருடைய வாழ்க்கையை அந்த அநியாயத்தின் அடிக்குறிப்பாக எழுத வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. 'ப்ளாண்ட் வீனஸ்' சில நொடிகளை வைத்துத் தொடங்கும் கட்டுரைகள் ஏராளம். 'சலோமே'யிலிருந்து தொடங்குங்களேன். 1927-ல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினப் பத்திரிகையில் தன் சினிமா அனுபவங்களைத் தானே எழுதினார். வாசகர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை இருந்ததால்தானே பத்திரிகை கேட்டுப் போட்டது? யாருக்காக நடித்தாரோ அவர்கள் அவரைத் தவறவிடவில்லை.

#13 யாழ்நிலா

அவவின்ர முடிவு என்ன மாதிரி? 36 வயசு எண்டு முதலே சொன்னியள்.

#14 நாடகப்பித்தன்

தங்கச்சி, 1932 ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேறவில்லை. நவம்பரில் நிமோனியா இரண்டு நுரையீரலையும் பிடித்து லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். லாஃபயெட் பிளேயர்ஸ் குழுவும் அதே வருஷம் கலைந்தது, பொருளாதார மந்தத்தில்.

அந்தக் குழந்தைதான் நான் சொல்ல நினைத்தது. ஏழு மாதத்தில் அம்மாவை இழந்த அந்தப் பெண் வளர்ந்து பிரான்சிஸ்கன் சபையில் கன்னியாஸ்திரீ ஆனார், சிஸ்டர் பிரான்செஸ்கா தாம்சன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1972-ல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுத் தலைப்பு: லாஃபயெட் பிளேயர்ஸ். உயிரோடிருந்த பழைய நடிகர்களைத் தேடிப் பேசினார், அம்மாவின் மேடை வாழ்க்கையைப் பதிவு செய்தார். பிறகு ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். மேலே நான் அந்தக் குழுவைப் பற்றி எழுதியதில் கணிசமான பகுதி அவர் உழைப்பால் உலகத்துக்குத் தெரிய வந்தது.

#15 கரிசல்மண்

இது தெரியவே தெரியாது, மிக்க நன்றி. அடுத்து எதைப் பார்க்கலாம்? எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு படம் போடுகிறோம். 'வித்தின் அவர் கேட்ஸ்' போட்டால் எல்லா வயதினரும் பார்க்கலாமா?

#16 பழையபடம்

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். தூக்கிலிடுவதும் பலாத்கார முயற்சியும் கடுமையாகவே இருக்கும். மற்றவர்களுக்குத் தாராளமாகப் போடலாம். பதிப்புரிமைக் காலம் முடிந்த படம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆனால் மங்கலான பிரதிகளும் சுற்றுகின்றன, நாடாளுமன்ற நூலகம் சீரமைத்த பிரதியா என்று பார்த்து எடுங்கள். முதல் அரை மணி நேரத்தில் பெயர்களும் உறவுகளும் குழப்பும். யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் ஆட்கள் எழுந்துபோக மாட்டார்கள்.

கூடவே 'தி மெலன்கலி டேம்' போடுங்கள், இரண்டு ரீல்தான். ஒரே மாலையில் அவர் முகமும் குரலும் இரண்டும் கிடைக்கும்.

#17 நிழலாட்டம்

கரிசல்மண், டைட்டில் கார்டுகளுக்குத் தமிழில் நான் எழுதித் தருகிறேன். பாதி ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறேன். தேதி முடிவானதும் இங்கேயே சொல்லுங்கள், மீதியை அதற்குள் முடித்துவிடலாம்.